தாலி முந்தி, மேளம் பிந்தி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார். எடிட்டிங் மேசையில் ஒழுங்காக ஓடிய படம், எக்ஸ்போர்ட் ஆகி வெளியே வந்ததும் திக்குகிறது, கிழிகிறது, பச்சை பூசிக்கொள்கிறது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இன்று முழுக்க வீடியோ வைத்தியம். வாசிக்கும் முன் ஒரு வேண்டுகோள்: கோளாறு கண்டதும் மறுபடி எக்ஸ்போர்ட் பொத்தானை அமுக்காதீர்கள். நோய் எடுத்த ஃபைலில் இருக்கிறதா, எடிட்டில் இருக்கிறதா, எக்ஸ்போர்ட்டில் இருக்கிறதா, ஓட்டும் கருவியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடம் தெரிந்தால் மருந்து பெரும்பாலும் பத்து நிமிட வேலை.

முகூர்த்தம் முழுவதையும் செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி ஒன்றரை மணி நேரம் எடுத்தேன். எக்ஸ்போர்ட் செய்த வீடியோவில் ஆரம்பம் சரியாக இருக்கிறது. போகப் போக விலகி, தாலி கட்டி முடித்து மாப்பிள்ளை நிமிர்ந்த பிறகுதான் கெட்டிமேளம் கேட்கிறது. பெண் வீட்டார் கோபமாக இருக்கிறார்கள். என்ன செய்வது சார்?
– கல்யாண வீடியோ எடுப்பவர், கும்பகோணம்

மேளக்காரர் மேல் தப்பில்லை, உங்கள் மேலும் இல்லை. செல்போன் பிடித்த சிக்கனம் இது.

நொடிக்கு 30 ஃப்ரேம் என்று போன் சொல்வது உத்தேசக் கணக்கு. மண்டபத்தில் வெளிச்சம் மங்கினால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு 24, 25 என்று இறங்கிவிடும். யாராவது வீடியோ லைட் அடித்தால் மறுபடி 30க்கு ஏறும். போன் சூடானாலும் இப்படித்தான். சத்தத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்றால் 48,000தான்.

எடிட்டிங் மென்பொருள் சில சமயம் இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனிக்காமல், வந்த ஃப்ரேம்களை எல்லாம் வரிசையாக அடுக்கி 30 என்ற ஒரே வேகத்தில் ஓட்டிவிடுகிறது. ஃப்ரேம்கள் குறைவு, ஆகவே படம் சீக்கிரம் முடிகிறது. சத்தம் தன் நேரத்துக்கு நடந்து வருகிறது. சராசரி 29.9 ஆகக் குறைந்தாலே ஒரு மணி நேரத்தில் 12 நொடி விலகிவிடும். தாலி முந்த, மேளம் பிந்த, அது தாராளமாகப் போதும்.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் உங்கள் மூல ஃபைலைத் திறந்து பாருங்கள். ஃப்ரேம் ரேட் 'வேரியபிள்' என்று இருந்தால் சந்தேகம் உறுதி. அதை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு, 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, சீரான 30 ஆக மாற்றுங்கள். மாற்றிய ஃபைலை டைம்லைனில் பழையதன் இடத்தில் வையுங்கள். இதுதான் முறையான சிகிச்சை.

நாளைக்கே கொடுத்தாக வேண்டும் என்றால் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. சத்தத்தைப் படத்திலிருந்து பிரித்து, நாலைந்து இடங்களில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் உதட்டோடு சேர்த்து நகர்த்துங்கள். வெட்டும் இடம் மேளம் பலமாக ஒலிக்கும் இடமாக இருக்கட்டும். தவிலின் இரைச்சலில் ஒட்டு தெரியாது. ஐயர் மந்திரம் சொல்லும் அமைதியான இடத்தில் வெட்டினால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

அடுத்த கல்யாணத்துக்கு, ஃப்ரேம் ரேட்டைப் பூட்டி வைக்கும் கேமரா ஆப் ஒன்றைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு டிவியில் எந்த வீடியோ போட்டாலும் உதடு முதலில், பேச்சு பிறகு. அதே ஃபைல் கம்ப்யூட்டரில் சரியாக இருக்கிறது.
– இல்லத்தரசி, கோவை

விலகல் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவா, போகப் போகக் கூடுகிறதா? கூடினால் கும்பகோணத்துக்காரரின் நோய். ஒரே அளவு என்றால் ஃபைலுக்கு ஆரோக்கியம், கருவிக்குத்தான் கோளாறு. டிவியோடு புளூடூத் ஸ்பீக்கர் இணைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காற்றில் போய்ச் சேரும் முன் சத்தத்தைச் சுருக்கி, அனுப்பி, விரிக்க வேண்டும். அதற்குள் உதடு அசைந்து முடிந்துவிடும். வயர் போட்டு இணையுங்கள், சரியாகிவிடும்.

எக்ஸ்போர்ட் செய்த படத்தில் திடீரென்று பச்சைக் கட்டங்கள். சில நொடிகளுக்குப் பிறகு தானாகவே தெளிந்துவிடுகிறது. ஏன் எப்போதும் பச்சை? ஏன் தானாகத் தெளிகிறது?
– ஸ்டூடியோ உரிமையாளர், மதுரை

இரண்டுமே அருமையான கேள்விகள். பதில் தெரிந்தால் பாதி நோய் உங்களுக்கே பிடிபடும்.

வீடியோ ஃபைலில் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்துக்கு ஓர் எண், நிறத்துக்கு இரண்டு எண்கள். நிறமே இல்லை என்று சொல்வதற்கான எண் பூஜ்யம் இல்லை, 128. ஃப்ரேமின் விவரம் வந்து சேராமல் மூன்று இடத்திலும் பூஜ்யம் நின்றால், கணக்குப்படி விடை பச்சை. மூன்றிலும் 128 நின்றால் சாம்பல். ஆக, பச்சையோ சாம்பலோ தெரிந்தால் 'இங்கே தகவல் இல்லை' என்று படிக்கவும்.

தானாகத் தெளிவதற்குக் காரணம், படத்தைச் சேமிக்கும் விதம். 2003ல் வந்த எச்.264 ஆகட்டும், 2013ல் வந்த எச்.265 ஆகட்டும், எல்லா ஃப்ரேமையும் முழுதாக எழுதிவைப்பதில்லை. கடைக் கணக்கு மாதிரிதான். முதலில் ஆரம்ப இருப்பு ஒன்று முழுதாக எழுதப்படும். அதற்குப் பிறகு வரவும் செலவும் மட்டும், அதாவது முந்தைய ஃப்ரேமிலிருந்து என்ன மாறியது என்பது மட்டும். நடுவில் ஒரு வரி அழிந்தால் அதற்குப் பின்னால் வரும் கூட்டல் எல்லாம் தப்பு. அடுத்த ஆரம்ப இருப்பு வந்ததும் கணக்கு நேராகிவிடும். பலரும் பயன்படுத்தும் எக்ஸ்264 என்கோடர், மாற்றாமல் விட்டால், அதிகபட்சம் 250 ஃப்ரேமுக்கு ஒருமுறைதான் முழு ஃப்ரேம் எழுதும். 25 ஃப்ரேம் வேகத்தில் அது 10 நொடி. ஒரு துளி பிசகு பத்து நொடி அழுக்காவது இப்படித்தான்.

இப்போது சோதனை. கோளாறு வரும் நிமிடம், நொடியைக் குறித்துக்கொண்டு வேறொரு கருவியில் ஓட்டுங்கள். அங்கே வரவில்லை, அல்லது வேறு இடத்தில் வருகிறது என்றால் ஓட்டும் கருவியைப் பாருங்கள். வி.எல்.சி. பிளேயரில் 'ஹார்டுவேர் டிகோடிங்' என்பதை அணைத்தாலே பல பச்சைகள் மறைந்துவிடும். அதே நொடியில் வருகிறது என்றால் ஃபைலில்தான் நோய். டைம்லைனில் அந்த இடத்தில் இருக்கும் மூலக் கிளிப்பைத் தனியாகத் திறந்து ஓட்டுங்கள். அதிலும் இருந்தால் கார்டிலிருந்து நகல் எடுத்தபோது கெட்டிருக்கலாம், மறுபடி நகல் எடுங்கள். மூலம் சுத்தமாக இருந்தால் எக்ஸ்போர்ட்டின் போது கிராபிக்ஸ் கார்டு பிசகியிருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு உதவியை அணைத்து, மெதுவானாலும் பரவாயில்லை என்று சாஃப்ட்வேர் என்கோடிங்கில் எடுங்கள்.

மூன்று மணி நேரப் படத்தையும் மறுபடி எடுக்கத் தேவையில்லை. கெட்ட 20 நொடியை மட்டும் எடுத்து, பழைய படத்தின் மேல் அதே இடத்தில் ஒட்டுப் போடலாம். இதற்கு வசதியாக, இறுதிப் படத்தை முதலில் புரோரெஸ் அல்லது டி.என்.எக்ஸ்.எச்.ஆர். வடிவத்தில் ஒரு மாஸ்டராக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழு ஃப்ரேம். ஒட்டுப் போட்டால் தரம் குறைந்தது கண்ணுக்குத் தெரியாது. ஹார்டு டிஸ்க் இடம் நிறையத் தின்னும் என்பது உண்மைதான். ஆனாலும் தொழிலாகச் செய்பவர்கள் மாஸ்டர் எடுக்காமல் வாடிக்கையாளர் பிரதியை மட்டும் எடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒவ்வொரு முறை எக்ஸ்போர்ட் செய்யும்போதும் வேறு வேறு இடத்தில் கோளாறு. பில்லி சூனியமா?
– கல்லூரி மாணவர், வேலூர்

அக்னி நட்சத்திரம்! வேலூர் வெயிலில், ஏ.சி. இல்லாத அறையில், தூசி அடைத்த விசிறியோடு கம்ப்யூட்டர் மூன்று மணி நேரம் முழு மூச்சாக ஓடினால் கிராபிக்ஸ் கார்டு தடுமாறும். பெட்டியைத் திறந்து தூசி ஊதுங்கள். இரவில், குளிர்ந்த நேரத்தில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அப்போதும் இடம் மாறி மாறி வந்தால் ராம் மீது சந்தேகப்படுங்கள். மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளை ஒரு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம் துண்டை மாற்றிவிட வேண்டும்.

இரண்டு ஷாட்டுக்கு நடுவில் கருப்பாக ஒரு மின்னல் வெட்டுகிறது. டைம்லைனில் பார்த்தால் எதுவுமே இல்லை.
– யூடியூபர், ஈரோடு

இருக்கிறது. டைம்லைனைப் பூதக்கண்ணாடி அளவுக்குப் பெரிதாக்குங்கள், இரண்டு கிளிப்புக்கும் நடுவே ஒரே ஒரு ஃப்ரேம் இடைவெளி தெரியும். 25 ஃப்ரேம் கணக்கில் அது நொடியில் 25ல் ஒரு பங்கு. எடிட் செய்யும்போது கண் தப்பவிடும், டிவியில் பார்க்கும்போது பிடித்துவிடும். இடைவெளி உண்மையிலேயே இல்லை என்றால், எக்ஸ்போர்ட் பலகையில் 'யூஸ் பிரிவ்யூஸ்' டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். எப்போதோ கெட்டுப்போன பழைய முன்னோட்டத் துண்டை மென்பொருள் எடுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். டிக்கை எடுத்துவிட்டு, முன்னோட்ட ஃபைல்களை அழித்துவிட்டு எடுங்கள்.

வி.எல்.சி.யில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. வாடிக்கையாளர் வீட்டு டிவியில் 'இந்த ஃபைலை இயக்க முடியாது' என்கிறது. யார் சொல்வது உண்மை?
– எடிட்டர், நாகர்கோவில்

டிவி சொல்வதை நம்புங்கள், ஏனென்றால் வாடிக்கையாளர் பார்க்கப்போவது டிவியில்.

வி.எல்.சி. தனக்கு வேண்டிய டிகோடர்கள் எல்லாவற்றையும் தானே சுமந்து வருகிறது, கம்ப்யூட்டரின் முழு பலத்தையும் பயன்படுத்துகிறது. உடைந்த ஃபைலைக் கூட முடிந்தவரை ஓட்டிக் காட்டும். டிவிக்குள் இருப்பது குறிப்பிட்ட சில வடிவங்களை மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு சிப். புதிய கேமராக்களின் 10 பிட் 4:2:2 வடிவத்தை அப்படியே எக்ஸ்போர்ட்டிலும் வைத்தால் பல டிவிகளுக்கு அது புரியாது. ஆகவே ஃபைல் நன்றாக இருக்கிறதா என்று வி.எல்.சி.யில் மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள்.

வீட்டு டிவிக்குப் பத்தியமான சாப்பாடு: எம்.பி.4, எச்.264, 8 பிட், 4:2:0, 1920க்கு 1080, 25 ஃப்ரேம், லெவல் 4.1, பிட்ரேட் 15 முதல் 20 மெகாபிட், சத்தம் ஏ.ஏ.சி. 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ. பத்து வருடப் பழைய டிவியும் இதைச் செரித்துக்கொள்ளும். 4கே பிரதியைக் கூடுதலாகக் கொடுங்கள், அதை மட்டும் கொடுக்காதீர்கள்.

அது சரி, வி.எல்.சி.க்கு ஏன் ஆரஞ்சு கூம்பு?
– பள்ளி மாணவி, விருதுநகர்

1996ல் பாரிஸ் எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை அது. அங்கிருந்த மாணவர் சங்கம் சாலையில் வைக்கும் போக்குவரத்துக் கூம்புகளைச் சேகரித்து வைத்திருந்தது. அந்தக் கூம்பே சின்னமாகிவிட்டது. 2001ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள்.

அண்ணா கனடாவிலிருந்து அனுப்பிய வீடியோவையும் இங்கே நாங்கள் எடுத்ததையும் ஒன்றாகச் சேர்த்தோம். அண்ணாவின் பகுதியில் பிள்ளைகள் ஓடும்போது மட்டும் படம் துள்ளித் துள்ளிப் போகிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

அண்ணாவின் ஊர் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், உங்களுடையது 50 ஹெர்ட்ஸ். வித்தியாசத்தின் வேர் அங்கே இருக்கிறது. வட அமெரிக்கத் தொலைக்காட்சி 30 ஃப்ரேமில் பிறந்தது. 1953ல் வண்ணம் சேர்த்தபோது, இடைஞ்சல் வராமல் இருக்க அதை ஒரு சிட்டிகை குறைத்து 29.97 ஆக்கினார்கள். இலங்கை, இந்தியா எல்லாம் 'பால்' (PAL) முறை, 25 ஃப்ரேம். கேமராக்கள் இன்றும் அந்தந்த ஊர் வழக்கத்தை ஒட்டியே விற்பனைக்கு வருகின்றன.

உங்கள் டைம்லைன் 25ல் இருக்கிறது. அண்ணாவின் 29.97 அதற்குள் நுழைய வேண்டுமானால் ஏறத்தாழ ஆறு ஃப்ரேமுக்கு ஒன்றைத் தூக்கி எறிய வேண்டும். சும்மா உட்கார்ந்து பேசினால் தெரியாது. பிள்ளைகள் ஓடினால் ஒவ்வொரு ஆறாவது அடியும் காணாமல் போகும், அதுதான் துள்ளல். எக்ஸ்போர்ட்டை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. டைம்லைனை மாற்ற வேண்டும். எந்த வேகத்தில் எடுத்தது அதிகமோ அதையே டைம்லைன் வேகமாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் போனில்தான் எடுத்தீர்கள் என்றால் உங்களுடையதும் 30ஆகவே இருக்கும். அப்போது டைம்லைனை 30க்கு மாற்றினால் இரு பக்கமும் சுகம்.

30ஐயும் 29.97ஐயும் ஒன்றென்று நினைக்காதீர்கள். ஒன்றை மற்றதன் வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகும். ஒரு மணி நேர விழாவில் கடைசிப் பாட்டு அந்த அளவுக்கு உதட்டை விட்டு நகர்ந்திருக்கும்.

பென்டிரைவில் பெரிய ஃபைல் ஏறவே மாட்டேன் என்கிறது. வேறொன்றில் ஏற்றினால் டிவியில் திக்கித் திக்கி ஓடுகிறது.
– வாசகர், திண்டுக்கல்

ஏறாததற்குக் காரணம் ஃபேட்32. அந்த முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. 20 மெகாபிட்டில் எடுத்த ஒரு மணி நேரப் படமே 9 ஜி.பி. ஆகிவிடும். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள். வாடிக்கையாளரின் டிவி பழையது, எக்ஸ்ஃபேட் படிக்காது என்றால் படத்தை நாலு பாகமாகப் பிரியுங்கள்: நிச்சயதார்த்தம், நலுங்கு, முகூர்த்தம், வரவேற்பு. பார்ப்பவர்களுக்கும் அதுதான் வசதி.

திக்குவது பென்டிரைவின் மந்தம். படிக்கும் வேகம் பிட்ரேட்டுக்கு ஈடுகொடுக்கவில்லை. ஃபைலை டிவியோடு இணைத்த நல்ல ஹார்டு டிஸ்க்கில் போட்டுப் பாருங்கள், திக்கல் போனால் ஃபைல் நிரபராதி. இன்னொன்று, நகல் முடிந்ததாகக் கோடு காட்டினாலும் உள்ளே எழுதி முடிந்திருக்காது. எஜெக்ட் கொடுத்து, 'எடுத்துக்கொள்ளலாம்' என்று சொன்ன பிறகு கழற்றுங்கள். அவசரத்தில் பிடுங்கியதால் கடைசிப் பகுதி அரைகுறையான ஃபைல்கள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன.

பள்ளி ஆண்டு விழாவில் மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து கேமராவுக்கு நேராக வயர் இழுத்தோம். ஹெட்போனில் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. பெற்றோர்கள் போனில் போட்டால் ஒன்றுமே கேட்கவில்லை என்கிறார்கள். வால்யூமைக் கூட்டி மூன்று முறை எக்ஸ்போர்ட் செய்துவிட்டேன்.
– ஆசிரியை, திருநெல்வேலி

முப்பது முறை கூட்டினாலும் கேட்காது, டீச்சர். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே?

மிக்சரிலிருந்து வந்தது பேலன்ஸ்டு வயர். அதில் ஒரே சத்தம் இரண்டு கம்பிகளில் வரும், ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. நீண்ட தூரம் இழுக்கும்போது நடுவில் புகும் இரைச்சலைக் கழிக்க அந்த ஏற்பாடு. அதைக் கேமராவின் ஸ்டீரியோ துளையில் சொருகியதும் நேரானது இடப்பக்கம் போயிற்று, தலைகீழ் வலப்பக்கம் போயிற்று. ஹெட்போனில் ஒவ்வொரு காதும் தன் பங்கைத் தனியாகக் கேட்கிறது, ஆகவே குறை தெரிவதில்லை. ஒற்றை ஸ்பீக்கர் போன் இரண்டையும் கூட்டுகிறது. கூட்டல் ஒன்றும் கழித்தல் ஒன்றும் சேர்ந்தால் மிச்சம் மௌனம்.

எடிட்டில் வலப்பக்கத்தை நீக்கிவிட்டு, இடப்பக்கத்தையே இரு பக்கமும் நகல் வையுங்கள். ஒரு நிமிட வேலை. குழந்தைகள் பேசியது எல்லாம் முழுதாக ஃபைலில் பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள். இனி எந்த வீடியோவையும் கொடுக்கும் முன் ஒரு சாதாரண போனின் ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஐபோனில் எடுத்த ஷாட்டுகள் மட்டும் எக்ஸ்போர்ட்டில் வெளுத்துப் போகின்றன. பட்டுப்புடவை ஜரிகை, மணப்பெண் நெற்றி எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி.
– புகைப்படக் கலைஞர், காரைக்குடி

2020ல் வந்த ஐபோன் 12 முதல் அந்தப் போன்கள் எச்.டி.ஆர். முறையில் எடுக்கின்றன. அதில் வெளிச்சத்தின் எல்லை பெரிது. உங்கள் டைம்லைன் சாதாரண ரெக்.709. பெரிய எல்லையைச் சின்ன எல்லைக்குள் மாற்றிப் பொருத்தாமல் அப்படியே திணித்தால் உச்சி வெளிச்சம் எல்லாம் வெள்ளையாக நிற்கும். அந்தக் கிளிப்புகளுக்கு மட்டும் வண்ண வெளியை ரெக்.709க்கு மாற்றும் கட்டளை கொடுங்கள், ஜரிகை திரும்பி வரும். அடுத்த முறை போன் செட்டிங்கில் எச்.டி.ஆர். வீடியோவை அணைத்துவிட்டு எடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மட்டும் மங்கல்.
– வாசகர், சேலம்

வீடியோவாக அனுப்பினால் அது பிழிந்துவிடும். 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள், 2 ஜி.பி. வரை அப்படியே போகும்.

அப்பா அம்மாவின் 1992ஆம் வருடக் கல்யாண கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். யாராவது அசைந்தால் உருவத்தின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள்.
– வாசகர், தஞ்சாவூர்

கோளாறு என்று நினைக்காதீர்கள், அந்தக் காலத்து முறையே அது. அந்த வீடியோவில் நொடிக்கு 50 அரைப் படங்கள். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், பிறகு இரட்டைப்படைக் கோடுகள். குழாய் டிவி அவற்றை மாற்றி மாற்றிக் காட்டியபோது கண் சேர்த்துக்கொண்டது. கம்ப்யூட்டர் இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் நொடியில் 50ல் ஒரு பங்கு கழிந்துவிட்டதால், அசைந்த கை இரண்டு இடத்தில் தெரிகிறது.

எக்ஸ்போர்ட் செய்யும் முன் டீஇன்டர்லேஸ் செய்யுங்கள், அதாவது அரைப் படங்களை முழுப் படங்களாக்குங்கள், அதுவும் 50 ஃப்ரேமாக. 25 ஆக்கினால் அசைவில் பாதி போய்விடும். படத்தைப் பெரிதாக்கும் வேலை இருந்தால் அதற்குப் பிறகுதான். அசைவுகள் இரண்டடி முன்னே, ஓரடி பின்னே என்று போனால் அரைப் படங்களின் வரிசை (ஃபீல்டு ஆர்டர்) தலைகீழாக இருக்கிறது, அதை மாற்றிவிடுங்கள்.

வீட்டில் இன்னும் கேசட் இருக்கிறதா? தள்ளிப்போடாதீர்கள். கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016ல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அப்பா காலமாவதற்குச் சில நாள் முன்பு எங்களோடு பேசியதை வீடியோ கேமராவில் எடுத்தோம். நடுவில் பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டது. ஃபைல் 1.2 ஜி.பி. என்று காட்டுகிறது, ஆனால் எதிலும் திறக்கவில்லை. அழிந்துவிட்டதா? அப்பாவின் குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை.
– வாசகி, திருச்சி

1.2 ஜி.பி. என்று காட்டுகிறதே அம்மா, அதுவே நல்ல செய்தி. அப்பாவின் குரல் பெரும்பாலும் அந்த ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. கதவுக்குச் சாவிதான் இல்லை.

எம்.பி.4 ஃபைலில் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது, சத்தம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு பொருளடக்கம் உண்டு. பல கேமராக்கள் அதைப் பதிவு முடிந்து நிறுத்தும்போதுதான் கடைசிப் பக்கமாக எழுதும். நிறுத்தும் முன் பேட்டரி போனதால் உங்கள் கேமராவுக்கு அந்தப் பக்கத்தை எழுத நேரம் கிடைக்கவில்லை. புத்தகம் இருக்கிறது, பொருளடக்கம் இல்லை. ஆகவே எந்த மென்பொருளுக்கும் திறக்கத் தெரியவில்லை.

இப்போதே செய்ய வேண்டியது: கார்டை வெளியே எடுத்து, பக்கத்தில் இருக்கும் சின்ன லாக்கைக் கீழே தள்ளுங்கள். அந்தக் கார்டில் இனி எதுவும் எழுதக் கூடாது, கேமரா ஃபார்மேட் கேட்டாலும் கூடாது. கார்டை முழுதாக அப்படியே கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். இனிச் செய்யும் முயற்சிகள் எல்லாம் நகலில்தான் நடக்க வேண்டும்.

பிறகு அதே கேமராவில் வேறொரு கார்டைப் போட்டு, எந்த செட்டிங்கையும் மாற்றாமல், இரண்டு நிமிடம் ஏதாவது எடுத்து முறைப்படி நிறுத்துங்கள். அன்ட்ரங்க் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. நல்ல ஃபைலின் அமைப்பைப் பார்த்து, கெட்ட ஃபைலுக்குப் பொருளடக்கத்தைப் புதிதாக எழுதித் தரும். கேமராவும் செட்டிங்கும் ஒன்றாக இருந்தால்தான் இது பலிக்கும். ஆகவே அந்தக் கேமராவை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், விற்றுவிடாதீர்கள். கடைசிச் சில நொடிகள் போயிருக்கலாம். மற்றது திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

உங்களால் முடியவில்லை என்றால் தகவல் மீட்பு தெரிந்தவரிடம் நகலைக் கொடுங்கள், கார்டைக் கொடுக்காதீர்கள். மீட்ட படத்தில் சில நொடியாவது ஓட்டிக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள். கிடைத்த அன்றே மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

ஆன்லைன் வகுப்பை ஓ.பி.எஸ்.ஸில் பதிவு செய்கிறேன். கரண்ட் போனால் இரண்டு மணி நேர வகுப்பும் போய்விடுகிறது.
– டியூஷன் ஆசிரியர், அரக்கோணம்

பதிவு வடிவத்தை எம்.பி.4லிருந்து எம்.கே.வி.க்கு மாற்றுங்கள். அது பொருளடக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை, கரண்ட் போன நொடி வரை எழுதியது பிழைக்கும். பிறகு ஓ.பி.எஸ். மெனுவிலேயே இருக்கும் 'ரீமக்ஸ்' கொடுத்தால் தரம் குறையாமல் எம்.பி.4 ஆகிவிடும்.

வேலை முடிந்த கார்டை எப்போது ஃபார்மேட் செய்யலாம்? அடுத்த நாளே அடுத்த கல்யாணம் இருக்கிறதே!
– உதவி கேமராமேன், சேலம்

அடுத்த கல்யாணத்துக்கு இன்னொரு கார்டு வாங்குங்கள். இந்தக் கார்டில் உள்ளது இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்கில் ஏறி, எக்ஸ்போர்ட் ஆன படத்தை நீங்கள் முதலிலிருந்து கடைசி வரை ஒரு டிவியில் உட்கார்ந்து பார்த்து, மணமக்களும் பார்த்துச் 'சரி' என்று சொன்ன பிறகு ஃபார்மேட் செய்யலாம். ஓட்டி ஓட்டி, நடுநடுவே தள்ளிப் பார்ப்பது கணக்கில் வராது. கோளாறு எப்போதும் தள்ளிவிட்ட இடத்தில்தான் இருக்கும்.

எழுதப்போகும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு சொல். எந்தக் கேமரா அல்லது போன், நொடிக்கு எத்தனை ஃப்ரேம், எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது நொடியில் கோளாறு, அதே நொடியில் இன்னொரு கருவியிலும் வந்ததா – இந்த நான்கையும் கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.